வட்டத்துக்குள் மட்டும்

சுதபா ஹால்தாரின் கண்ணெதிரே எதையும் மூடி வைக்கக் கூடாது. சோறு வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள். கடைசியில் அரிசி கோபித்துக்கொண்டு அரைவேக்காட்டில் நின்றுவிடும். வாழையிலையில் கட்டி ஆவியில் வைத்த ஹில்சா மீனைக்கூட விட மாட்டாள். கட்டைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, மறுபடி கட்டுவாள். அவள் கணவர் அம்லான் தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது. "இவ சமையல்கட்டுக்குள்ள வந்தா மீன் வேகாது, வெட்கப்படும்" என்பார். சின்ன வயதில் கொண்டைக்கடலையை மண்ணில் புதைத்துவிட்டு, முளை வந்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்தவள் அவள். ஒன்றுகூட முளைக்கவில்லை என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

இப்படிப்பட்டவளை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தால் சும்மா இருப்பாளா?

பாராசாத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியையாக இருந்தாள். நாற்பது வயதை எட்டிப் பார்க்கும் சமயத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு, கல்கத்தாவில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். எங்கள் ஊரில் அரசுப் பள்ளி வேலை கிடைக்காதவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடுகிறார்கள். கிடைத்ததை விடுகிறவளை என்னவென்று சொல்வது? மாமியார் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம் என்று சுதபாவுக்குத் தோன்றியதாம். "உசுரோட இருக்கற பிள்ளைங்கள விட்டுட்டு, கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கப் போறியாம்மா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அவள் மாமியாரின் மூக்குக் கண்ணாடியைக்கூட நடித்துக் காட்டுவாள்.

நான் அவளுக்குப் பக்கத்து மேசை. பத்து வயது இளையவள், அதனால் எனக்கு அவள் சுதபாதி, அதாவது சுதபா அக்கா. என்னை வீட்டில் டும்பா என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் அம்மா ஆய்வகத்துக்குப் போன் செய்யப்போய் அந்தப் பெயர் வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து நிலையம் முழுக்க நான் டும்பாதான். சான்றிதழில் இருக்கும் என் பெயரை ஒருத்தரும் சொல்வதில்லை. அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

எங்கள் இருவருக்கும் வழிகாட்டி பாக்சி சார். நல்ல மனிதர், பெரிய குரல், ஓயாத வாயுத் தொல்லை. சோதனை சொதப்பினாலும் சரி, மழை பெய்தாலும் சரி, முதலில் தன் வயிற்றைத்தான் தடவிப் பார்ப்பார். சுதபாதிக்கு அவர் கொடுத்த வேலை இது: குளத்தங்கரைக் களைச் செடி ஒன்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருந்தோம். அது புற்றுநோய்ச் செல்கள் நகர்ந்து பரவுவதைத் தடுக்குமா என்று பார்க்க வேண்டும். செடியின் பெயர் வேண்டாம். அது என்ன பாவம் செய்தது.

வேலை எளிமையானது. ஒரு கண்ணாடித் தட்டில் செல்களை இடைவெளி இல்லாமல் வளர்க்க வேண்டும். நடுவில் ஊசிமுனையால் ஒரு கோடு கீறினால் அங்கிருக்கும் செல்கள் பெயர்ந்து, காலி வாய்க்கால் மாதிரி ஒரு இடம் உண்டாகும். இரண்டு கரையிலும் இருக்கும் செல்கள் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து அந்த இடத்தை மூடிவிடும். மருந்து போட்டும் மூடினால் மருந்து வீண். மூடாமல் நின்றால் விசேஷம். செல்கள் கண்ணுக்குத் தெரிய அவற்றுக்கு ஒரு சாயம் ஊட்டுவோம். பச்சை வெளிச்சம் அடித்தால் சாயம் செக்கச்செவேல் என்று ஒளிரும். இருட்டு அறையில் அந்தத் திரையைப் பார்ப்பவர்கள் முதல் தடவை கட்டாயம் வாய் பிளப்பார்கள். காளி பூஜை ராத்திரியில் விளக்கேற்றிய ஊரை மாடியிலிருந்து பார்த்த மாதிரி இருக்கும்.

சுதபாதியின் மருந்துத் தட்டில் வாய்க்கால் மூடவே இல்லை. செல்கள் கொஞ்ச தூரம் ஊர்ந்து, நின்று, சுருண்டு, செத்துப்போயின. மருந்து போடாத தட்டில், அதாவது நாங்கள் கன்ட்ரோல் என்று சொல்லும் தட்டில், ஒரே நாளில் கோடு இருந்த அடையாளமே தெரியாமல் மூடிக்கொண்டது. எத்தனை தடவை செய்தாலும் இதேதான். பாக்சி சார் வயிற்றைத் தடவுவதையே மறந்துவிட்டார். வெளியிலிருந்து வந்த நிபுணர் குழுவிடம் சொன்னார், பக்கத்து ஆய்வகங்களில் சொன்னார், அடுத்த திட்ட விண்ணப்பத்தில் முதல் பக்கத்திலேயே போட்டார். பூஜை விடுமுறை முடிந்ததும் சுதபாதி ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. அவளுடைய ஐந்து வருட உழைப்பு, விட்டு வந்த வேலை, மாமியாருக்குச் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் அந்த மூடாத வாய்க்காலில்தான் இருந்தது.

இங்கே எங்கள் நிலையத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மாதிரி நுண்ணோக்கி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். எல்லா ஆய்வகத்துக்கும் அதுதான். மண்ணெண்ணெய்க் கடை வரிசை மாதிரி ஆளாளுக்கு முறை வைத்து, கதவைத் தட்டித் தட்டி உயிரை எடுப்பார்கள். அதனால் மருந்துத் தட்டைத்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை வெளிச்சம் போட்டு நாள் முழுக்கப் படம் எடுப்போம். கன்ட்ரோல் தட்டை ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை, அவ்வளவுதான். அது மூடும் என்று தெரிந்த விஷயம், அதற்குப்போய் எதற்கு நேரத்தை வீணாக்குவது? எங்கள் சீனியர்கள் அப்படித்தான் செய்தார்கள், அவர்களுடைய சீனியர்களும் அப்படித்தான். இதை ஒருத்தரும் தப்பென்று நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

படம் எடுத்து முடிந்ததும் தட்டை ப்ளீச் ஊற்றிக் கொட்டிவிடுவோம். சுதபாதி மட்டும் தன் முறை முடிந்த பிறகும் தட்டை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தி ஒரு நோட்டம் விடுவாள். ஆனால் வெளியே அடுத்த ஆள் கதவை இடிப்பதால் பாதியில் விட்டு எழுந்துவிடுவாள். அன்றைக்கு மழை. ரயில் பாதையில் தண்ணீர் நின்று, அடுத்த முறைக்காரன் வந்து சேரவில்லை. அவளைக் கையில் பிடிக்க முடியுமா? பெரிதாகக் காட்டும் லென்ஸை எடுத்துவிட்டு, சின்னதாக, ஆனால் அகலமாகக் காட்டும் லென்ஸைப் போட்டு, தட்டை முழுசாகப் பார்த்திருக்கிறாள்.

நான் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த பொரியோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். கதவு கொஞ்சம் திறந்தது.

"டும்பா, உள்ள வா. கைய துடைச்சுட்டு வா."

"என்ன ஆச்சு?"

"வந்து பாரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ என்ன பார்க்கறேன்னு நீயே சொல்லு."

பார்த்தேன். கீறின கோடு தட்டின் மேற்பக்கத்தில் அழகாக மூடியிருந்தது. கீழ்ப்பக்கமும் மூடியிருந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் திறந்து கிடந்தது. திறந்து கிடந்த இடத்தைச் சுற்றிச் செத்த செல்கள். அந்தச் சாவுக்கு ஒரு எல்லை இருந்தது. எல்லை வட்டமாக இருந்தது. வளையலை வைத்து வரைந்த மாதிரி சுத்தமான வட்டம்.

"லென்ஸ்ல அழுக்கு" என்றேன்.

"தட்டை நகர்த்திப் பாரு."

நகர்த்தினேன். வட்டமும் கூடவே நகர்ந்தது. அழுக்காயிருந்தால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

"மருந்து அந்த இடத்துல மட்டும் சரியா கலக்காம கெட்டியா நின்னுருக்கும்."

சுதபாதி என் பொரியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். நுண்ணோக்கி அறையில் தின்னக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது, அதை எழுதியதே அவள்தான். "மருந்துக்கு காம்பஸ் வெச்சு வட்டம் போடத் தெரியுமாடி?" என்று கேட்டாள்.

பிறகு தட்டை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்தாள். பெரிய லென்ஸைத் திருப்பி, வெளிச்சத்தைத் திறந்தாள். காகிதத்தில் கடுகளவு பச்சை வட்டம் விழுந்தது. தட்டில் செல்கள் செத்துக் கிடந்த வட்டமும் இதே அளவுதான். கேமரா அந்த வட்டத்துக்கு நடுவிலிருக்கும் சதுரத்தை மட்டும்தான் பிடிக்கும். அதனால் இத்தனை வருடமாகத் திரையில் வட்டத்தின் விளிம்பு எங்கள் கண்ணில் படவே இல்லை.

புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ஒளிரும் சாயம் வெளிச்சத்தை வாங்கி வெளிச்சமாகவே திருப்பித் தரும், ஆனால் முழுசாகத் தராது. மிச்சத்தைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் தலையில் கட்டிவிடும். வெறிபிடித்த ஆக்சிஜன் கைக்கு எட்டியதையெல்லாம் கடித்துக் குதறும். செல்லுக்குள்ளேயே சாயம் இருந்தால் கடி விழுவதும் உள்ளேயேதான். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனாலும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அதை நான்தான் சொன்னேன். "சுதபாதி, மருந்தும் வெளிச்சமும் சேர்ந்து கொன்னிருக்கலாம் இல்ல? வெளிச்சம் பட்டாத்தான் உன் மருந்து வேலை செய்யுதோ என்னவோ. அப்படின்னா இது இன்னும் நல்ல கதை. சார் ஆடுவார்."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். உடனே சுருங்கியதையும் பார்த்தேன். "அதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். கன்ட்ரோல் தட்டுக்கும் இதே வெளிச்சத்தைக் கொடுக்கணும். சாயம் உண்டு, மருந்து கிடையாது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை, நாள் பூரா. அது பொழச்சுதுன்னா மருந்துக்கு ஏதோ சக்தி இருக்கு. செத்துதுன்னா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

கெஞ்சிக் கூத்தாடி இன்னொருத்தரின் முறையை வாங்கினோம். மருந்தில்லாத தட்டை நுண்ணோக்கியில் வைத்தோம். இன்னொரு தட்டில் மருந்து, சாயம் இரண்டும் போட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, இன்குபேட்டருக்குள் இருட்டில் வைத்தோம். அதற்கு வெளிச்சமே கிடையாது. முடியும்வரை அதைத் திறக்கக் கூடாது. அங்கேதான் சிக்கல்.

"சாவிய நீ வெச்சுக்கோ டும்பா. நான் கேட்டா குடுக்காதே. அழுதாலும் குடுக்காதே."

ஒரு மணி நேரத்தில் வந்தாள். உள்ளே சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். சூடு வெளியிலேயே எண்ணில் தெரிகிறது என்றேன். சாயங்காலம் வந்து, தாள் சரியாகச் சுற்றியிருக்கிறோமா என்று சந்தேகம் என்றாள். போய்த் தேநீர் குடி என்றேன். வீட்டுக்குக் கிளம்பும்போது, "ராட்சசி" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் ஒரு நேரத்திலும் நுண்ணோக்கியின் திரைப்பக்கம் அவள் போகவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. அந்தத் தட்டு பிழைக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. ஆய்வுக்காரர்களுக்கு அப்படி இருக்கக் கூடாது என்பார்கள், அப்படிச் சொல்கிறவர்கள் அரசு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் இல்லை.

மறுநாள் மதியம் முதலில் இருட்டுத் தட்டைப் பிரித்தோம். மருந்து தட்டு முழுக்க இருந்தது. செல்கள் அதைப் பற்றிக் கவலையே படாமல் கோட்டை மூடியிருந்தன. எங்கே கீறினோம் என்று தேட வேண்டியிருந்தது. பிறகு வெளிச்சத் தட்டு. மருந்து ஒரு சொட்டும் இல்லாத தட்டு. அகல லென்ஸைப் போட்டதும் வட்டம் தெரிந்தது. உள்ளே எல்லாம் சாவு, வெளியே எல்லாம் நலம்.

சுதபாதி அழுதாள். சத்தம் இல்லாமல், மூக்கு மட்டும் சிவந்து. அழுதுகொண்டே லென்ஸை மாற்றினாள். அழுதுகொண்டே வட்டத்தின் விளிம்புக்குத் தட்டை நகர்த்தினாள்.

"இங்க பாரேன்" என்றாள். விளிம்பில் ஒரு செல் இருந்தது. உடம்பில் பாதி வட்டத்துக்குள், பாதி வெளியே. உள்ளே இருந்த பாதி சுருங்கிக் கிடந்தது. வெளியே இருந்த பாதி நகரப் பார்த்துக்கொண்டிருந்தது. "இது பொழைக்குமா டும்பா?"

"உன் பொழப்பைப் பாரு முதல்ல" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை.

நானாயிருந்தால் பாக்சி சாரிடம் போவதற்கு முன் ஒரு வாரம் படுத்திருப்பேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு அப்போதே போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சார் படங்களைப் பார்த்தார். வயிற்றுக்கு ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

"எல்லா லேப்லயும் இப்படித்தானே பண்றாங்க? அவங்க பேப்பரெல்லாம் வரலையா? உனக்கு மட்டும் என்ன வந்தது?"

"அவங்க தட்டை முழுசா பார்க்கல சார். நான் பார்த்துட்டேன்."

"பார்க்காம இருந்திருக்கலாம்."

"என்னால முடியாது. உங்களுக்கே தெரியும்."

"அடுத்த மாசம் குடுக்க வேண்டிய தீசிஸ் சுதபா. இதை எடுத்துட்டா உன்கிட்ட என்ன இருக்கு?"

"வட்டம் இருக்கு."

அவர் எங்களை வெளியே போகச் சொன்னார். நான்கைந்து நாள் எங்கள் பக்கமே வரவில்லை. குழுவிடம் சொன்னது, விண்ணப்பத்தின் முதல் பக்கம் எல்லாம் அவர் கண்முன் வந்துபோயிருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மதியம் தானாகவே நுண்ணோக்கி அறைக்கு வந்தார். "எங்கே அந்த வட்டம்? படமெல்லாம் வேண்டாம், உசுரோட காட்டு" என்றார். சுதபாதி, வட்டம் விழ ஆரம்பித்திருந்த தட்டு ஒன்றை வைத்து வெளிச்சத்தைத் திறந்தாள். சார் குனிந்து கண்ணைப் பொருத்தினார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பழைய ஆள், திரையில் பார்த்து அவருக்குத் திருப்தி வராது.

சுதபாதி சட்டென்று கையை நீட்டி விளக்கை அணைத்தாள்.

"என்ன?"

"போதும் சார். அதுங்க செத்துடும்."

நான் பயந்துவிட்டேன். இருட்டில் அவருடைய சிரிப்பு கேட்டது. "நான் பார்த்த இவ்வளவு நேரத்துல எத்தனை செத்திருக்கும், சொல்லு பார்க்கலாம்" என்றார்.

"தெரியல. எவ்வளவு வெளிச்சம் வரைக்கும் தாங்கும்னு நாம யாரும் அளந்து பார்க்கல."

"அப்ப அள."

அளந்தாள். எந்தச் சாயம் எவ்வளவு கொடுமை, எவ்வளவு வெளிச்சத்தை எத்தனை இடைவெளி விட்டுக் கொடுத்தால் செல் தாங்கும் என்று ஒவ்வொன்றாக. உதவித்தொகைக் காலம் முடிந்துபோயிற்று. அம்லான் தன் சம்பளத்தில் வீட்டை ஓட்டினார். "ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டுக்குள்ள வர மாட்டேன்னு சத்தியம் பண்ணு, இன்னும் ரெண்டு வருஷம் படி" என்றாராம். மாமியார் மறுபடி பேசாமல் இருந்தார். களைச்செடி மருந்தைப் பற்றி ஒரு பக்கத்தில், அது ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிவைத்தாள். கடைசியில் பட்டம் கிடைத்தது. ஒல்லியான ஆய்வேடு, கைதட்டலும் குறைவு. பெரிய இடத்திலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. பழைய பள்ளி வேலையும் திரும்பி வரவில்லை. பாராசாத்தில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். அநியாயம் என்றுதான் நான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அவள் நினைத்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகள் நன்றாகக் கேள்வி கேட்கிறார்கள் என்றாள்.

இப்போது பாக்சி சாரின் அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வகம் என் பொறுப்பு. சாயமும் முழு வெளிச்சமும் கொடுத்து, மருந்து மட்டும் போடாத தட்டு ஒன்றை எல்லோரும் கட்டாயம் வைக்க வேண்டும். யாரும் உத்தரவு போடாமலே, எங்களைப் பார்த்துப் பக்கத்து ஆய்வகங்களும் வைக்க ஆரம்பித்தன. அந்தத் தட்டின் மூடியில் பேனாவால் ஒரு பெயர் எழுதுவார்கள். முதலில் எழுதியது நானாகத்தான் இருக்கும்.

போன வாரம் ஐந்த்ரிலா வந்து நின்றாள். போன வருடம் சேர்ந்த பெண். ஏதோ ஒரு மருந்தில் அருமையான முடிவு வந்திருக்கிறது என்று முந்தின நாள்தான் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்திருந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"டும்பாதி, சுதபா செத்துடுச்சு."

"முழுசாவா?"

"முழுசா. மருந்து போட்டதைவிட சீக்கிரமாவே செத்துடுச்சு." பிறகு கேட்டாள். "சுதபான்னா என்ன டும்பாதி? கம்பெனி பேரா?"

நான் போனை எடுத்துப் பாராசாத்துக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இல்லை, ஆனாலும் பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"சுதபாதி, இன்னைக்கும் செத்துட்டே."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. ஒரு பெண் ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டு எதிரே நிற்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எந்தச் சாயம்? வெளிச்சம் எவ்வளவு வெச்சாங்க? அந்தப் பொண்ணு அகல லென்ஸ் போட்டுப் பார்த்தாளா, இல்ல தட்டைக் கொட்டிட்டாளா? போனை அவகிட்ட குடு."

கொடுத்தேன். ஐந்த்ரிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்தாள். அவள் இன்குபேட்டர் பக்கமாகத் திரும்பி நடந்துகொண்டே பேசுவது எனக்குக் கேட்டது.

"இல்லக்கா, இன்னும் கொட்டல... வட்டமாவா?... இருங்க, பார்த்துட்டு சொல்றேன்."